தணிகை மலையும் பிஜித் தீவும்

ஆடிக் கிருத்திகையன்று தணிகை மலையேறும் காவடிகளைச் சுமந்து வருவோரில் ஒரு சாரார் முருகனைத் தமிழில் கூவி அழைக்கிறார்கள். மற்றொரு சாரார் தெலுங்கில் அழைக்கிறார்கள். இரு சாராருக்கும் அவன் ஒரே சந்நிதியில் நின்று அருள் செய்கிறான். அந்த முருகனுக்கே பஸிபிக் மகாசமுத்திரத்தின் நடுவிலும் ஒரு பெரிய கோயில் உண்டு. பிஜித் தீவில் நாந்தி என்ற ஊரில் உள்ள சிவ சுப்பிரமணிய சுவாமி ஆலயம் அது. இப்போதுள்ள கட்டடத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1994-ம் வருஷத்தில். அங்கும் காவடி எடுக்கிறார்கள்; எடுப்பவர்களில் பலருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. இந்த விசித்திரம் நேர்ந்த விதத்தை நேயர்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம். ஏனெனில் அது நம் வீட்டுக் கதை.

முதலில் அந்தத் தீவுக்கு உடையவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஜியின் ஆதிக்குடிகளுக்கு நிலம் என்பது விற்கும் சரக்கு அன்று. மண்ணும், அதில் வாழும் ஜனங்களும், அவர்களுடைய வழக்கங்களும் சேர்ந்த ஒன்றை அவர்கள் 'வனுவா' என்கிறார்கள். நிலம் 'மதங்காலி' என்ற குலக் கூட்டத்துக்குப் பொது. விருந்தினர் வந்தால் 'யங்கோனா' என்ற வேரைக் கரைத்துச் சிரட்டையில் வார்த்துக் கொடுத்து உபசரிப்பார்கள். ஊருக்குள் புதிதாக வருபவர் அந்த வேரையே காணிக்கையாகக் கொண்டு வந்து தலைவரிடம் அனுமதி பெற வேண்டும். கேளாமல் நுழைவது அவர்களிடையே பெரிய அவமரியாதை.

1874-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி தாக்கொம்பாவும் மற்றத் தலைவர்களும் தீவுகளை ஆங்கில சாம்ராஜ்யத்திடம் ஒப்படைத்தார்கள். மறு வருஷமே கப்பலில் வந்த தட்டம்மையால் சுமார் 40,000 பேர் மாண்டார்கள். முதல் கவர்னரான ஸர் ஆர்தர் கார்டன் இதைக் கண்டு ஒரு தீர்மானத்துக்கு வந்தார். பிஜியரின் நிலத்தை வெள்ளையருக்கு விற்கக் கூடாது. அவர்களைத் தோட்டக் கூலிகளாக்கவும் கூடாது. ஹவாய் முதலிய தீவுகளில் ஆதிக்குடிகள் நிலமிழந்து நின்றதை நினைத்தால் இது நல்ல காரியம் என்றே சொல்ல வேண்டும். இன்றைக்கும் பிஜியின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆதிக்குடிகளிடமே இருக்கிறது.

ஆனால் சாம்ராஜ்யத்தின் தர்மத்துக்கு எப்போதும் யாராவது ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும். காலனி தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்பது லண்டனின் கட்டளை. அதற்குக் கரும்பு வேண்டும்; கரும்புக்குக் கை வேண்டும். ஸாலமன் தீவுகளிலிருந்தும் நியூ ஹெப்ரிடீஸிலிருந்தும் ஆட்களை ஏமாற்றியும் பிடித்தும் கொண்டு வந்த வழக்கத்துக்கு ஏற்கெனவே கெட்ட பெயர். ஆகவே கார்டன் துரை இந்தியாவின் பக்கம் திரும்பினார். 1879 மே 14-ல் 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டு போய்ச் சேர்த்தது. ஆஸ்திரேலியாவின் ஸி.எஸ்.ஆர். சர்க்கரைக் கம்பெனி ஆலைகளை நிறுவிற்று. பிஜியரைக் காப்பாற்ற வேண்டிய செலவு இந்தியக் கூலியின் முதுகில் எழுதப்பட்டது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்படத் தொடங்கியது 1903-ல். 1916 வரையில் பிஜிக்குச் சென்ற ஏறக்குறைய 60,000 பேரில் சுமார் 15,000 பேர் சென்னை வழியாகச் சென்றவர்கள். அவர்களை அதிகமாக அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று வட ஆர்க்காடு. அந்நாளில் திருத்தணியும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. மழை பொய்த்தால் கிணறு வற்றும் பூமி இது. ஊரிலோ கடன், சாலையிலோ ஆள் கட்டும் தரகன். 'பிஜி' எங்கே இருக்கிறது என்று கேட்டவனுக்கு, பக்கத்தில்தான் என்று பதில் கிடைத்திருந்தால் அதை மறுத்துச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

ஒப்பந்தம் 5 வருஷம். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் கூலிகளின் வாயில் 'கிர்மித்' ஆயிற்று. நாளொன்றுக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ் என்பது காகிதத்தில் இருந்த கணக்கு. குறித்த வேலையை முடிக்காதவனுக்கு அந்தக் கூலியும் இல்லை. வேலைக்கு வராமலிருப்பது கிரிமினல் குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. பழைய 'லைன்' வீடுகளில் ஓர் அறைக்கு 10 அடி நீளம், 7 அடி அகலம். அதில் மூன்று ஆண்கள் அல்லது ஒரு குடும்பம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் சேர்த்தார்கள். இதனால் ஸ்திரீகள் பட்ட துன்பத்தைக் குடும்பத்தில் அமர்ந்து படிக்கும் பத்திரிகையில் விவரிக்க எமக்கு மனம் வரவில்லை. பாரதியார் அவர்களுக்காகவே 'கரும்புத் தோட்டத்திலே' என்று ஒரு பாட்டைப் பாடி வைத்தார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

கோகலே 1912-ல் சட்டசபையில் இந்த முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டு வந்தார்; அது தோற்றது. 1915-ல் ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் பிஜிக்கே சென்று நேரில் கண்டதை எழுதினார்கள். இந்தியா முழுவதும் மாதர்கள் கூட்டம் கூடிக் கண்டித்தார்கள். 1917-ல் ஆள் அனுப்புவது நின்றது. 1920 ஜனவரி 1-ந் தேதி மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. அன்னிய சர்க்காரை நம் தேசம் பணிய வைத்த ஆரம்ப வெற்றிகளில் இது ஒன்று. அதைக் கூலிப் பெண்களின் கண்ணீர் சம்பாதித்துக் கொடுத்தது.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டனர். வடநாட்டார் மிகுந்த தீவில் தென்னாட்டார் சிறுபான்மை. எல்லோருக்கும் சேர்த்து 'மதராஸி' என்று ஒரே பெயர். பள்ளிக்கூடத்தில் ஹிந்தி, சந்தையில் ஹிந்தி. இந்நிலையில் 1926-ல் ஸாது குப்புசுவாமி நாந்தியில் 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்க'த்தைத் தோற்றுவித்தார். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அதில் ஒன்றாக நின்றார்கள். 1941-ல் தெலுங்கர் தமக்கென ஓர் ஆந்திர சங்கம் கண்டார்கள் என்றாலும், பழைய சங்கத்தின் பள்ளிகளும் கோயில்களும் பொதுச் சொத்தாகவே நிலைத்தன. இருபதுக்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளையும் ஒரு நர்ஸிங் கல்லூரியையும் அது நடத்துகிறது. பிஜியரின் குழந்தைகளும் அங்கே படிக்கிறார்கள். பாஷை தேய்ந்தது, ஸ்தாபனம் தேயவில்லை.

ஆயினும் நிலப் பிரச்னை தீரவில்லை. கரும்பு விளைவித்தவன் குத்தகைக்காரன். நிலம் மதங்காலிக்கு உரியது. இரு ஜனங்களையும் தனித்தனியே வைத்து ஆண்ட சர்க்கார், 1970-ல் சுதந்திரம் கொடுத்தபோது அந்தப் பிளவையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போயிற்று. 1987 மே 14-ல், முதல் கப்பல் சேர்ந்த அதே தேதியில், ரம்புக்கா என்ற ராணுவ அதிகாரி மந்திரிசபையைக் கவிழ்த்தார். 2000-ல் இந்திய வம்சத்துப் பிரதமரான மகேந்திர சௌத்ரி 56 நாட்கள் சிறைப்பிடிக்கப்பட்டார். 1997 முதல் குத்தகைகள் காலாவதியாக, மூன்று தலைமுறை உழுத வயலை விட்டு எத்தனையோ குடும்பங்கள் வெளியேறின. ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் மறுபடி கப்பலேறாத கூலிகளாகப் போனார்கள்.

இதில் பிஜியரைப் பழிப்பது சுலபம், நியாயம் ஆகாது. அனுமதி கேளாமல் ஊருக்குள் நுழைவதை அவமரியாதையாகக் கருதும் ஜனங்களிடம், அவர்களைக் கேளாமலே 60,000 பேரைக் கொண்டு வந்து இறக்கியது யார்? வந்தவர்களையும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத இருவரைச் சண்டையிட வைத்துவிட்டு, கேட்காதவன் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

2013-ல் புதிய அரசியல் சாஸனம் எல்லாப் பிரஜைகளையும் 'பிஜியர்' என்ற ஒரே பெயரால் அழைத்தது. 2022-ல் மறுபடி பிரதமரான அதே ரம்புக்கா, 2023 மே 14-ல் கிர்மித் தினத்தன்று, கூலிகளின் வம்சத்தாரிடம் 1987-ல் செய்த செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. எனினும் முருகன் சினம் தணிந்த மலை என்று பெயர் பெற்ற ஊரார், சினம் தணிவதன் அருமையை அறியாதவர்கள் அல்லர்.

இனி நமக்கு ஒரு கடமை இருக்கிறது. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு 'பாஸ்' எழுதினார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் அதில் உண்டு. அந்தக் காகிதங்கள் பிஜியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொள்ளுப்பேரர்கள் ஊர் தேடி வருகிறார்கள். அவர்கள் படும் சங்கடத்தைப் பாருங்கள்! 1905-ல் இங்கிருந்து போனவனுக்கு 'வட ஆர்க்காடு' என்றும், 1911-ல் சித்தூர் ஜில்லா பிரிந்த பிறகு போனவனுக்கு 'சித்தூர்' என்றும் எழுதும்படி ஆயிற்று. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. இன்று திருத்தணி திருவள்ளூர் மாவட்டம். கிராமத்தின் பெயரையோ குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்தான். எந்த ராஜ்யத்தில் தேடுவது, எந்தக் கச்சேரியில் கேட்பது என்று தெரியாமல் வருகிறவர்கள் திகைப்பதில் ஆச்சரியம் என்ன?

எல்லைக் கிளர்ச்சியின்போது இரு பாஷையாரும் இந்த மலைக்காக உரிமை கொண்டாடினோம். இப்போது வாசலில் நிற்பவனுக்கு அந்த உரிமையில் ஒரு பங்கு உண்டு. அவனுடைய காகிதத்தை வாங்கிப் படித்து, 'இது இன்ன ஊர்' என்று சொல்லக்கூடிய முதியவர்கள் எல்லைக்கு இரு புறமும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பழைய கிராமப் பெயர்களையும் அவற்றின் மாறிய உருவங்களையும் கேட்டு எழுதி வைப்பது பெரிய செலவுள்ள காரியம் அன்று. பள்ளி மாணவர்களே செய்யலாம். அந்த முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.