கடன் என்றே சொல்லுக!

பசித்தவன் சோறு வாங்குவதும் கூரை ஒழுகுகின்றவன் ஓடு வாங்குவதும் தேவை. அடுத்த வீட்டில் வந்திறங்கியதைக் கண்டு தன் வீட்டிலும் இறக்குவது வேட்கை. தேவைக்கு எல்லை உண்டு, வேட்கைக்கு இல்லை. இவ்வேறுபாடு மறைந்துபோன வீடுகள் தமிழகத்தில் நாளுக்குநாள் பெருகி வருகின்றன. திங்களின் முதல்நாள் வரும் ஊதியத்திற் பாதி, ஐந்தாம் நாளுக்குள் கைப்பேசிக்கும் வண்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் உரிய தவணைகளாகக் கரைந்துவிடுகின்றது. வீடு நிறையப் பொருள். உள்ளம் நிறையக் கவலை. இதற்குத்தான் முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கின்றனர்.

இதனைச் சிலருடைய அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கற்றவரும் இதிற் சிக்குகின்றனர். பிறருக்குக் கணக்கெழுதியே பிழைப்பவரும் சிக்குகின்றனர். இதன் வேர் மாந்த உள்ளத்தின் இயல்பிலேயே ஓடியிருக்கின்றது. அவ்வியல்பை விற்பவன் நன்றாக அறிந்து வைத்திருக்கின்றான். வாங்குகின்றவன்தான் இன்னும் அறியவில்லை.

முதலாவது, ஒப்பிடும் இயல்பு. தார்சுட்டீன் வெப்ளன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர், உழைக்காமல் ஓய்ந்திருக்கும் செல்வ வகுப்பாரைப் பற்றி 1899ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். செல்வர் வாங்கும் பொருள்களிற் பல, பிறர் கண்டு வியப்பதற்கென்றே வாங்கப்படுகின்றன என்று அதில் எடுத்துக் காட்டினார். மேலே இருப்பவன் காட்டும் பகட்டையே அடுத்த படியில் இருப்பவன் அளவுகோலாகக் கொள்கின்றான். அவனை அவனுக்குக் கீழுள்ளவன் பார்க்கின்றான். இவ்வாறு பகட்டு படிப்படியாக இறங்கிக் குடிசை வரையில் வந்து சேர்கின்றது. அங்கே அது கடனாக மாறுகின்றது.

இரண்டாவது, பழகிப்போகும் இயல்பு. புதிய வண்டி முதற் கிழமையில் தரும் களிப்பை ஆறாம் திங்களில் தருவதில்லை. ஆனால் தவணை மட்டும் ஆறாம் திங்களிலும் அறுபதாம் திங்களிலும் அப்படியே நிற்கின்றது. 1978இல் பிரிக்குமன் என்னும் உளவியலறிஞரும் அவருடன் இருந்தோரும், அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், வெல்லாத 22 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வென்றவர் மற்றவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சி மிக்கவராக இல்லை. காலையுணவு, நண்பரோடு பேசுதல் போன்ற நாள்தோறும் கிடைக்கும் சிற்றின்பங்களில் அவர்கள் பெற்ற மகிழ்ச்சியோ மற்றவர் பெற்றதைவிடக் குறைவாக இருந்தது. ஆராயப்பட்டவர் தொகை சிறிதே; ஆயினும் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்கும் எவர்க்கும் இவ்வுண்மை புதிதன்று.

இதனால் பொருளே வேண்டா என்று கூறுவது பொருந்துமா? பொருந்தாது. வறுமையில் வாடுகின்றவனிடம் மகிழ்ச்சி உள்ளத்தில் இருக்கின்றது என்று அறிவுரை கூறுவது கொடுமை. 1974இல் இரிச்சர்டு ஈசுட்டர்லின் என்னும் பொருளியலறிஞர் வெளியிட்ட ஆய்விலும், ஒரே நாட்டிற்குள் வருவாய் மிக்கவர் வருவாய் குறைந்தவரைவிட மகிழ்ச்சியாக இருப்பது தெளிவாயிற்று. ஆனால் 1946 முதல் 1970 வரை அமெரிக்க மக்களின் வருவாய் வளர்ந்தும், அவர்கள் தாமே கூறிய மகிழ்ச்சி அதற்கேற்ப வளரவில்லை என்பதையும் அவர் கண்டார். எல்லாரும் ஒருசேர உயர்ந்தால் ஒப்பீடும் உடன் உயர்ந்துவிடுகின்றது என்பது அவர் கூறிய விளக்கம். 2008இல் வேறிரு பொருளியலறிஞர் பல நாட்டுக் கணக்குகளைக் காட்டி இதனை மறுத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. எனினும் இரு தரப்பாரும் ஆராய்ந்தது வருவாயைத்தான். கடன் வாங்கிச் செய்யும் செலவு மகிழ்ச்சியை வளர்க்கும் என்பதற்கு அவ்வழக்கில் இடமே இல்லை.

மூன்றாவது இயல்பே இவற்றுள் மிகவும் எண்ணத்தக்கது. கையிலுள்ள பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது உள்ளத்தில் ஒரு சுருக்கென்ற நோவு தோன்றும். அந்நோவே குடும்பத்தின் காவல். அதனை நீக்கிவிட்டால் கை தானாக நீளும். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை மெய்ப்பித்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரெலெக்கு, சிமெசுட்டர் ஆகிய இருவர், கூடைப்பந்துப் போட்டியின் நுழைவுச்சீட்டை மாணவரிடையே ஏலம் விட்டனர். சிலர் காசாகக் கொடுக்க வேண்டும். சிலர் கடனட்டையால் கொடுக்க வேண்டும். அட்டைக்காரர் கேட்ட விலை, காசுக்காரர் கேட்ட விலையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு! பொருள் ஒன்றே, மாணவரும் ஒரே கல்லூரியினரே. மாறியது நோவு மட்டுந்தான்.

அட்டை செய்யும் இவ்வேலையைச் சொல்லும் செய்கின்றது. இங்கேதான் தமிழர் விழிக்க வேண்டும்.

தமிழில் கடன் என்பது ஆழ்ந்த சொல். வாங்கிய பொருளுக்கும் அதுவே பெயர். செய்தே தீரவேண்டிய கடமைக்கும் அதுவே பெயர். கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. திருப்பித் தருவது வாங்கியவன் தலைமேல் நிற்கும் அறம் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகின்றது. ஆங்கிலத்தில் அவ்வட்டைக்கு வழங்கும் கிரெடிட் என்ற பெயர், நம்பிக்கை என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நம்பப்படுகின்றோம் என்ற பெருமையை அது வாங்குகின்றவனுக்கு ஊட்டுகின்றது. தமிழில் கடனட்டை என்று சொன்ன அளவிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். அதனாலன்றோ விற்பவர் தமிழில் அதனைச் சொல்வதில்லை!

ஐந்தாண்டுக் கடன் என்றால் தயங்குகின்றவன், ஈ.எம்.ஐ. என்ற மூன்றெழுத்தைக் கேட்டால் தயங்குவதில்லை. கடனில் மூழ்கியிருக்கின்றேன் என்று கூற நாணுகின்றவன், ஈ.எம்.ஐ. போகின்றது என்று தேநீர்க் கடையில் சிரித்துக்கொண்டே கூறுகின்றான். சுடுகின்ற சொல்லை எடுத்துவிட்டுச் சுடாத சொல்லை வைத்தார்கள், நாணம் போயிற்று, நாணத்தோடு காவலும் போயிற்று. வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரமும் இத்தகையதே. 2013இல் ரிசர்வ் வங்கி என வழங்கும் இந்திய ஏமவைப்பகம், கடனட்டை நிலுவைக்குரிய அத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயற்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்கப்படுகின்றது என்றும், வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்றும் வைப்பகங்களுக்கு அறிவித்தது. பல கடனட்டைகளில் நிலுவைக்குத் திங்களொன்றுக்கு 3 விழுக்காட்டிற்கு மேல் வட்டி ஏறுகின்றது. ஆண்டுக்கு அது 36 விழுக்காட்டைத் தாண்டும். சிற்றூரில் ஒருவன் கடுவட்டி வாங்கினால் அதற்குக் கந்துவட்டி என்று பெயர். அதனைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இல் சட்டமே செய்யப்பட்டது. பளபளப்பான அட்டையில் ஏறும் வட்டிக்கு மட்டும் சுடுகின்ற பெயர் ஒன்றும் இல்லை.

பொன் வாணிகத்திலும் இதே நிலைதான். சித்திரை, வைகாசித் திங்களில் வரும் அட்சய திருதியை முந்தைய தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொன் வாங்கும் நாளாக இருந்ததில்லை. அன்று ஒரு குன்றிமணியேனும் வாங்கினால் செல்வம் பெருகும் என்ற எண்ணத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தவை நகைக்கடை விளம்பரங்களே. அன்று வாங்கிய நகையை மறுநாள் விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வாரா. ஆயினும் விடியுமுன் கடைவாயிலில் வரிசை நிற்கின்றது. அவ்வரிசையில் நிற்கும் எளிய வீட்டுத் தாயின் உள்ளத்தில் இருப்பது பேராசையன்று. மகளின் திருமணத்தன்று கழுத்து வெறுமையாக இருந்தால் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். அவ்வச்சம் காசாக்கப்படுகின்றது. திருமணக் கூடத்தின் ஒளிவிளக்குகள் ஓரிரவில் அணைந்துவிடும். அதற்கு வாங்கிய கடனோ, பெயரன் பிறந்த பின்னும் அணையாமல் எரியும். உண்டு மகிழ்ந்து வாழ்த்திச் சென்ற எவரும் அதனைத் தீர்க்க வருவதில்லை.

செலவு செய்வது அவரவர் உரிமை. அதிற் பிறர் தலையிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். உரிமைதான். ஆனால் வேட்கையை ஒருவன் உண்டாக்கி, நோவை ஒருவன் மறைத்து, பெயரை ஒருவன் மாற்றி வைத்த பிறகு, வாங்குகின்றவன் தானே முடிவு செய்தான் என்று எப்படிக் கூறுவது? கண்ணைக் கட்டிவிட்டுப் பள்ளத்தில் விழுந்தவனைக் குறை கூறுவது போன்றது அது.

அவ்வாறாயின் எச்செலவுதான் மகிழ்ச்சி தரும்? பொருளாக வாங்கியவற்றைவிடப் பட்டறிவாகப் பெற்றவை, அதாவது உற்றாரோடு சென்ற செலவும் கண்டு கேட்டு மகிழ்ந்தவையும், நெடுங்காலம் இன்பம் தருகின்றன என்று 2003இல் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் ஆய்ந்து கூறினர். 2008இல் கனடா நாட்டில் சிலரிடம் 5 தாலரோ 20 தாலரோ கொடுத்து, ஒரு பகுதியினரைத் தமக்கும் மற்றப் பகுதியினரைப் பிறர்க்கும் செலவிடச் சொல்லிப் பார்த்தனர். மாலையில் மகிழ்ச்சி மிக்கிருந்தவர் பிறர்க்குச் செலவிட்டவரே. தொகை சிறிதா பெரிதா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. ஒப்புரவு என்னும் தமிழ்ச்சொல்லை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரங்களில் இன்றும் நடக்கும் மொய்விருந்தும் ஒருவகையிற் கடனே. ஆனால் அங்கே கொடுத்தவன் முகம் தெரியும். தொகை ஏட்டில் இருக்கும். திருப்பிச் செய்வது கடமை என்பதை ஊரே அறியும். பகட்டு அதிலும் புகுந்துவிட்டது உண்மைதான். எனினும் கடனைக் கடனென்றே சொல்லும் நேர்மை அதில் எஞ்சியிருக்கின்றது.

வரவுக்கு மீறாமற் செலவிடும் அறிவைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கின்றார். பகைமேற் செல்லுமுன் தன் வலிமையை எடைபோடச் சொல்லும் இடம் அது. கடைக்குச் செல்லுமுன்னும் அவ்வெடை வேண்டும். தவணைத்தாளில் கையெழுத்திடுமுன், அப்பொருளின் முழுவிலையையும் வட்டியையும் கூட்டி, கடன் என்ற தலைப்பின்கீழ்த் தமிழில் எழுதி, வீட்டிலுள்ள எல்லாரும் கேட்க உரக்கப் படிக்க வேண்டும். படித்த பின்னும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். நா எழாவிட்டால் தாளைக் கிழித்துவிடுக. கடனைக் கடன் என்றே சொல்லுக, அச்சொல் சுடட்டும். அச்சூடுதான் குடும்பத்தைக் காக்கும்.