ஸ்பீக்கர் மாத்தினோம், சத்தம் போச்சு

பையனோட ஆம்ப்ளிஃபையர் மூணு நாள் மௌன விரதம் இருந்த கதையைச் சொல்லப் போறேன். கதையை விட, அதை வெச்சு எனக்கும் தங்கமணிக்கும் நடந்த வாக்குவாதம்தான் எழுத உட்கார வெச்சது. வெளியூர்ல பிள்ளை வளர்க்கிறவங்க வீட்ல இது வேற ரூபத்துல கண்டிப்பா வந்திருக்கும்.

ஷில்லாங்குக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆச்சு. லூ மஜாவ் 1972-லேர்ந்து மே 24 அன்னிக்கு பாப் டிலன் பிறந்த நாளைக் கச்சேரி வெச்சுக் கொண்டாடிட்டு வர்ற ஊர் இது. கிடார் தெரியாத பசங்களைத்தான் இங்க தேடணும். எங்க வீட்டு வாரிசுக்கும் தொத்திக்கிச்சு. இப்போ பதினொண்ணாவது படிக்கிறான். ஊரைக் காலி பண்ணிட்டுப் போன ஒருத்தர்கிட்டேர்ந்து பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். 22 வாட், 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒண்ணு, எடை இருபது கிலோ கிட்ட. விலையைச் சொன்னா எங்க அம்மா பாளையங்கோட்டையிலேர்ந்து ரயிலேறி வந்து திட்டுவாங்க, அதனால வேண்டாம்.

உள்ளே எல்லாம் வால்வு. ஆமாங்க, எங்கப்பா வெச்சிருந்த ரேடியோவுல சுவிட்சைப் போட்டுட்டுக் காபி ஆத்துற நேரம் காத்திருப்போமே, அதே வால்வு. உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறி எத்தனையோ காலம் ஆச்சு, கிடார்காரங்க மட்டும் விட மாட்டேங்கறாங்க. சத்தத்தைக் கூட்டும்போது வால்வு ஒரு மாதிரி இனிமையா கரகரக்கும், அதுக்குத்தான்.

இந்த ஊர் ஈரத்துல பழைய ஸ்பீக்கரோட காகிதக் கூம்பு கிழிஞ்சு போச்சு. கூரியர்ல புதுசு வந்தது. நான் இன்ஸ்பெக்‌ஷன்னு வெளியூர் போயிருந்த ஞாயித்துக்கிழமை பையன் தானே மாத்திட்டான். சுவிட்சைப் போட்டா சிவப்பு விளக்கு எரியுது, வால்வு எல்லாம் தணல் மாதிரி மின்னுது, சத்தம் மட்டும் இல்லை. கௌஹாத்தியில ஒருத்தருக்கு போன் போட்டிருக்கான். பெட்டியைப் பாக்காமலே தீர்ப்பு வந்துடுச்சு: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும், வால்வு முழு செட்டையும் மாத்திடலாம், அனுப்பி வைங்க. அவர் சொன்ன தொகை எங்க வீட்டு ரெண்டு மாச வாடகை.

நான் வந்தப்போ பையன் முகத்தைப் பாக்க முடியலை. "இனிமே நான் எதையும் தொடலப்பா"ன்னான். தங்கமணி அதையே ஆர்டரா போட்டாச்சு. "கரண்டு சமாச்சாரம். கடைக்காரன் பாத்துக்கட்டும். பணம் போனா போகுது."

இங்கதான் நான் ஒத்துக்கலை.

நான் வேலைக்குச் சேர்ந்த கிராமத்துக் கிளையில, கம்ப்யூட்டர் முழுசா வராத கடைசி வருஷங்கள். சாயங்காலம் டேலி ஆகலைன்னா யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எங்க ஹெட் கேஷியர் சார் பேரேட்டை முதல்லேர்ந்து புரட்டவே மாட்டார். வித்தியாசம் எவ்வளவுன்னு கேப்பார். அது 9-ஆல மீதியில்லாம வகுபட்டா யாரோ 54-ஐ 45-னு எழுதியிருக்காங்க. அந்தத் தொகையில சரிபாதிக்கு ஒரு என்ட்ரி இருந்தா, பற்றுல போட வேண்டியதை வரவுல போட்டிருக்காங்க. அதுவும் இல்லைன்னா, கடைசியா டேலி ஆன நேரத்துக்கு அப்புறம் யார் என்ன எழுதினாங்க? ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் பாடின பெட்டியில பையன் தொட்டது ஸ்பீக்கரும் அதோட ஒயரும்தான். வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் அவன் தொடவே இல்லை. அப்போ எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

ஒயரைக் கழட்டி ஸ்பீக்கர் முனைகள்ல மல்டிமீட்டர் வெச்சோம். 6.4 ஓம் காட்டுச்சு. 8 ஓம் ஸ்பீக்கர்னா மீட்டர்ல ஆறு ஆறரைதான் காட்டும், அது சரியான கணக்குதான். பெட்டியும் 8 கேக்குது, ஸ்பீக்கரும் 8. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுத்தா கூம்பு முன்னாடி வந்துட்டுப் போச்சு. ஸ்பீக்கர் உயிரோட இருக்கு.

அப்புறம்தான் பின்பக்கம் பாத்தேன். பெட்டியில ஸ்பீக்கர் செருக ரெண்டு துளை இருக்கு. ஒண்ணு உள்ளே இருக்கிற ஸ்பீக்கருக்கு, இன்னொண்ணு கூடுதலா வெளியே ஒண்ணு வெச்சுக்கிறதுக்கு. பையன் ரெண்டாவதுல செருகியிருக்கான். மெயின் துளை காலியா இருந்தா இந்த டிசைன்ல அவுட்புட் தானா ஷார்ட் ஆயிடும். அதான் மௌனம். மெயின் துளைக்கு மாத்தினோம், பாடிடுச்சு. செலவு பூஜ்யம்.

எனக்கு ஒரு நாள் பூரா இது புரியலை. ஷார்ட்னா ஆபத்துன்னுதானே சின்ன வயசுலேர்ந்து படிச்சிருக்கோம்? சாதா ஸ்டீரியோவுக்கு அது சரி. ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டி விட்டா ஒண்ணும் ஆகாது, ரெண்டு ஒயரும் ஒட்டினாத்தான் போச்சு. வால்வுப் பெட்டிக்கு அப்படியே தலைகீழ். ஸ்பீக்கரே இல்லாம வாசிச்சா டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறின சக்திக்குப் போக்கிடம் இல்லாம மின்னழுத்தம் எகிறி, உள்ளே பொறி பறந்து, சுருள் கருகிடும். அதுக்குப் பயந்துதான் காலியா இருந்தா ஷார்ட் ஆகட்டும்னு கம்பெனியே வெச்சிருக்கான். அதுக்காக ஷார்ட்லயே மணிக்கணக்கா ஓட்டறதும் நல்லதில்லை. எங்க மூணு நாள் மௌனம் அந்தப் பெட்டியோட காப்பு ஏற்பாடு. அதை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மரணம்னு சொல்லி விக்கப் பாத்தாங்க. போன்ல சொன்னவர் கெட்டவர்னு நான் சொல்லலை. பார்ட் மாத்தினா பணம் வரும், துளை மாத்தினா வராது, அவ்வளவுதான்.

கதை முடியலை. சத்தம் வந்தது, கூடவே அடிக்கம்பியை மீட்டினா ஒரு உரசல். கூம்பை ரெண்டு கையாலயும் மெல்ல அமுக்கிப் பாத்தா உள்ளே சுருள் தேய்க்கறது விரல்ல தெரியுது. புது ஸ்பீக்கர் ஆச்சேன்னு பையன் பலம் கொண்ட மட்டும் நட்டை முறுக்கி, சட்டமே வளைஞ்சிருக்கு. எல்லாத்தையும் தளர்த்தி, கார் சக்கரத்துக்குப் போடற மாதிரி எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினோம். உரசல் போச்சு.

மூணாவதா, சத்தம் கூடினா 'டிங்'குனு ஒரு மணியோசை. புது ஸ்பீக்கர் பழசை விட அதிர்வு ஜாஸ்தி, அதே பெட்டிக்குள்ளதானே வால்வும் தொங்குது. பென்சிலோட ரப்பர் முனையால ஒவ்வொரு சின்ன வால்வையும் லேசா தட்டினோம். ஒண்ணு மட்டும் ஸ்பீக்கர் வழியா பதில் சொல்லுச்சு. பையன் வாசிக்கிற சேனலோட முதல் வால்வு அதுதான். பக்கத்துல, அவன் தொடவே தொடாத இன்னொரு சேனல்லயும் அதே ரக வால்வு. சுவிட்சை அணைச்சு, ஆற விட்டு, ரெண்டையும் இடம் மாத்தினோம். கூட்டமான கிளையில சத்தம் போடற ஆபீசரைக் கூட்டமில்லாத கிளைக்கு டிரான்ஸ்ஃபர் பண்ற மாதிரி. எங்க நிர்வாகம் வருஷா வருஷம் செய்யறதுதானே!

தங்கமணி கட்சியையும் சொல்லணும், இல்லாட்டி ராத்திரி சாப்பாடு கிடைக்காது. ஷாக் பயம் நியாயமானது. அந்த உலோகச் சட்டத்துக்குள்ளே 400 வோல்ட்டுக்கு மேல இருக்கு, பிளக்கைப் பிடுங்கின அப்புறமும் கெபாசிட்டர்ல தங்கியிருக்கும். ஸ்பீக்கர், ஒயர், வால்வு இதுக்கெல்லாம் சட்டத்தைத் திறக்கவே வேண்டாம், பின்பலகையைக் கழட்டினாப் போதும். அதனால சட்டத்துக்கு வெளியே பையன் ராஜ்யம், உள்ளே அவனும் கிடையாது, நானும் கிடையாதுன்னு கோடு போட்டாச்சு.

ஆனா பயப்பட வேண்டிய இடம் எங்க ரெண்டு பேருக்குமே தெரியலை. கிடாரோட கம்பி ஒயர் வழியா பெட்டியோட சட்டத்தோடதான் சேர்ந்திருக்கு. சட்டத்துல கரண்ட் இறங்கி, வீட்டு எர்த் சரியில்லைன்னா, அது நேரா பையன் விரலுக்கு வரும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதிச்சா, எங்க வாடகை வீட்டு மூணு பின் பிளக்குல எர்த் துளை சும்மா அழகுக்கு இருக்கு, ஒயரே இல்லை! வீட்டுக்கார அம்மாவை இங்க மரியாதையா 'கோங்'னு கூப்பிடுவோம். கோங்கிட்ட சொன்னேன், பாவம் பதறிப் போய் மறுநாளே ஆள் விட்டு இழுத்துக் கொடுத்தாங்க. பையன் இத்தனை மாசமா அந்தப் பிளக்குலதான் வாசிச்சிருக்கான். பெட்டியை முதல் நாளே கடைக்கு அனுப்பியிருந்தா இது தெரியவே வந்திருக்காது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

உள்ளே கெபாசிட்டரெல்லாம் பழசு, ஒரு தரம் மாத்தணும். அதுக்கு வேலை தெரிஞ்ச கைதான் வேணும். வர்ற ரெண்டாவது சனிக்கிழமை பேங்க் லீவு, பெட்டியைக் காரில போட்டுக்கிட்டு கௌஹாத்தி போறோம், வேற ஒருத்தர்கிட்ட. என்னென்ன பாத்தாச்சு, எவ்வளவு ஓம், எந்த வால்வு எங்கே மாத்தினதுன்னு பையன் ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கான். பக்கத்துல உட்கார்ந்து பாக்க விடுவாரான்னு போன்லயே கேட்டுட்டான், சரின்னுட்டாராம். தங்கமணியும் வர்றாங்களாம். பெட்டிக்கு அப்புறம் சேலைக் கடைன்னு கேள்வி.