ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்பும் பதினாறு பேர்

அகில இந்திய டென்னிஸ் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

12, 14 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் டிரா போடும் முறையை மாற்ற வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். முறைகேடு எதையும் நான் சுட்டவில்லை. விதிப்படி, நேர்மையாகப் போடப்படும் டிராவே சிறு பிள்ளைகளுக்குப் பாதகமாக அமைகிறது என்பதுதான் என் வாதம். வழக்கமான 32 பேர் நாக்-அவுட் டிராவை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 31 ஆட்டங்கள். சாம்பியனுக்கு ஐந்து ஆட்டங்கள் கிடைக்கின்றன. 16 பேருக்கு ஒன்றே ஒன்று. இன்னும் 8 பேருக்கு இரண்டு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் காண்பதில்லை. இரட்டையர் பிரிவு இருக்கிறதே என்றால், அதுவும் நாக்-அவுட்தான். ஆட்ட அனுபவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் கிள்ளியும், ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அள்ளியும் பரிமாறும் பந்தி இது.

இதோடு, தரவரிசையில் முன்னணியில் இருப்பவர்களை டிராவில் பிரித்து வைக்கும் சீடிங் சேரும்போது சிக்கல் இறுகுகிறது. 32 பேரில் 8 பேருக்கு சீடிங். முதலாமவர் டிராவின் முதல் வரியில், இரண்டாமவர் கடைசி வரியில். மூன்றாம், நான்காம் இடத்தவர் 9, 24 ஆகிய வரிகளில் குலுக்கல் முறையில். மற்ற நால்வர் 8, 16, 17, 25 ஆகிய வரிகளில். இந்த எட்டுப் பேரும் காலிறுதிக்கு முன் ஒருவரையொருவர் சந்திக்காதபடி போட்ட வேலி இது. வலுவானவர்கள் முதல் நாளே மோதி வெளியேறக் கூடாது என்ற நோக்கத்தில் தவறில்லை. ஆனால், மீதமுள்ள 24 பேரில் எட்டுப் பேர், அதாவது மூவரில் ஒருவர், முதல் சுற்றிலேயே சீடிங் பெற்றவரிடம் போய் விழுந்தாக வேண்டும். அது யார் என்பதைத் திறமை தீர்மானிப்பதில்லை, சீட்டு தீர்மானிக்கிறது. எந்தச் சுற்றுவரை போனோம் என்பதைப் பொறுத்தே தரவரிசைப் புள்ளிகள்; புள்ளிகளைப் பொறுத்தே அடுத்த சீடிங். முதல் சுற்றில் தோற்ற பிள்ளை அடுத்த ஊரிலும் சீடிங் இல்லாமல் அதே குலுக்கலுக்குள் போகிறது. பெரியவர்கள் ஆண்டு முழுவதும் ஆடுவதால் இந்த அதிர்ஷ்டம் ஓரளவு சமன்படும். பள்ளி விடுமுறைக்குள் நாலைந்து போட்டிகள் மட்டுமே ஆடக்கூடிய பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது சமன்பட அவகாசமே இல்லை.

மாற்று புதிதன்று. 12 வயதுப் பிரிவில் 32 பேரை நால்வர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவரும் மற்ற மூவருடனும் ஆடும் ரவுண்ட் ராபின் நடத்தலாம். குழுவில் முதலிடம் பெறும் எட்டுப் பேர் காலிறுதிக்குப் போகலாம். குழுவுக்கு ஒருவராக சீடிங் பெற்றவர்களை வைத்தால், மற்ற 24 பேரும் தலா ஒரு சீடிங் ஆட்டக்காரரைச் சந்திப்பார்கள். அதில் தோற்றாலும் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருக்கும். சீட்டின் வன்மம் அங்கே பெருமளவு தணிந்துவிடுகிறது. 14 வயதுப் பிரிவில் நாக்-அவுட் முறையை வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் தோற்ற 16 பேருக்கு ஆறுதல் டிரா ஒன்றைச் சேர்த்தால் போதும். கூடுதலாக 15 ஆட்டங்கள். எல்லோருக்கும் குறைந்தது இரண்டு ஆட்டங்கள் உறுதி.

கோர்ட்டுக்கும் நாளுக்கும் எங்கே போவது என்று போட்டி நடத்துபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குழு முறையில் 48 ஆட்டங்களும் அதன்பின் 7 ஆட்டங்களுமாக 55 ஆகிறது. ஆனால், நான்கு கேம் எடுத்தவருக்கே செட் என்ற குறுஞ்செட் முறையை டென்னிஸ் விதிகளே அனுமதிக்கின்றன; மூன்றாம் செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை-பிரேக்கும் வைக்கலாம். வென்றவர் ஒரு கேம்கூட இழக்காமல் இரண்டே செட்டில் முடிக்கும் குறைந்தபட்சக் கணக்கில் பார்ப்போம். இன்றைய 31 முழு ஆட்டங்களுக்கு 372 கேம்கள் தேவை. குழு ஆட்டங்களைக் குறுஞ்செட்டிலும் காலிறுதி முதல் முழுச் செட்டிலும் ஆடினால் 468. ஆட்ட எண்ணிக்கை முக்கால் மடங்கு கூடினாலும், கேம்கள் கூடுவது ஏறக்குறைய கால் மடங்குதான். வெயிலைச் சொல்லி மறுப்பவர்களுக்கும் இதுவே பதில்: ஒரு நீண்ட மூன்று செட் ஆட்டத்தைவிட, இடைவெளி விட்டு ஆடும் இரண்டு குறு ஆட்டங்களைப் பிள்ளையின் உடல் எளிதாகத் தாங்கும்.

தொழில்முறை டென்னிஸே நாக்-அவுட்தானே, தோல்வியைத் தாங்கப் பழகட்டுமே என்பது இன்னொரு வாதம். தோற்றபின் மறுநாள் மீண்டும் கோர்ட்டுக்கு வருவதும் தோல்வியைத் தாங்கும் பயிற்சிதான். பெட்டியைக் கட்டி ரயிலேறுவதில் அந்தப் பயிற்சி இல்லை. விம்பிள்டனே 2022-இல் 14 வயதுக்குட்பட்டோர் போட்டியைத் தொடங்கியபோது 16 சிறுவர்களையும் 16 சிறுமியரையும் நால்வர் குழுக்களாகத்தான் ஆடவிட்டது. உலகின் தலைசிறந்த எட்டு வீரர்கள் மோதும் ஏடிபி ஃபைனல்ஸும் குழுச் சுற்றில்தான் தொடங்குகிறது. குழு முறையில் சமநிலை வந்தால் குழப்பம், வாய்ப்பிழந்தவர்கள் ஏனோதானோவென்று ஆடுவார்கள் என்பதெல்லாம் உண்மையான குறைகளே. முதலாவதற்கு, நேரடி வெற்றி, பிறகு செட் விகிதம், பிறகு கேம் விகிதம் என்ற வரிசையை டிரா தாளிலேயே அச்சிட்டுவிடலாம். இரண்டாவதற்கு, ஒவ்வொரு குழு வெற்றிக்கும், ஆறுதல் டிரா வெற்றிக்கும் சிறிதளவாவது தரவரிசைப் புள்ளி கொடுக்க வேண்டும். புள்ளி இருக்கும் இடத்தில் பெற்றோரும் பிள்ளையும் ஊரைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

எல்லாப் போட்டிகளையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. கீழ்நிலைத் தொடர்களில், சில மாநிலங்களில், ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள் என்பதைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் எண்ணி வெளியிடுங்கள். அதற்கான விவரம் போட்டிப் பதிவுகளிலேயே இருக்கும். வித்தியாசம் தெரியாவிட்டால் பழைய டிராவுக்கே திரும்பலாம். அப்போது இந்த மடலுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அன்புடன்,
ஒரு டென்னிஸ் ஆர்வலர்