அட்டைச் சீட்டு

திருப்பதியில் குடியேறிய நம்மவர் இல்லமொன்றில், பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து சிறியதோர் இரயில் அட்டைச் சீட்டு கிடைத்தது. காட்பாடியிலிருந்து சித்தூருக்கு எடுத்தது. யார் வந்தது என்று வினவினோம். சொல்லத்தக்க பாட்டியார் காலமாகி இரண்டாண்டாயிற்றாம்.

இவ்வகைச் சீட்டை 1830களின் இறுதியில் வகுத்தவர், மரவேலைத் தொழிலில் நொடித்துப்போய் இங்கிலாந்தில் நிலைய அதிகாரியான தாமஸ் எட்மண்ட்சன். அதுவரை கையால் எழுதித் தந்த சீட்டுக்கு அவர் வரிசையெண்ணை முன்கூட்டியே அச்சிட்டார். மாலை எண்ணிலிருந்து காலை எண்ணைக் கழித்தால் அன்றைய விற்பனை விளங்கும். கணிப்பொறிச் சீட்டு வருமுன் பணிபுரிந்த குமாஸ்தாக்களின் நாணயத்திற்கு அவ்வெண்ணே சாட்சி.

இறங்குமிடத்தில் ஒப்படைக்க வேண்டியதாகையால், வீட்டில் தங்கிய சீட்டு அரிது. சேகரிக்க விழையும் அன்பர்கள் அலுவலகக் கட்டுகளை நாடற்க. அவை கணக்கிற்கு உரியவை. தத்தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பீராக. சீட்டின்மேல் பசை தடவ வேண்டா. யார், எந்த ஆண்டு, எதன்பொருட்டு வந்தார் என்று தனித்தாளில் எழுதி உடன் வைத்தல் நலம்.

பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுவீராக. எண் சீட்டில் இருக்கிறது. வந்தவர் பெயர் அதில் இல்லை.