இனத்துக்கும் தேசியத்துக்கும் நடுவே நிலம்

நவம்பர் முதல் நாளைத் திருவனந்தபுரத்தில் கேரளம் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம். இங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தெற்கே, நாகர்கோவிலில், அதே நாளைக் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டு விழாக்களும் 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் விளைவுகளே. அதே சட்டம்தான் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்களைக் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆக்கியது. குமரியிலும் மூணாற்றிலும் பேசப்பட்ட மொழி தமிழ். இரண்டு பகுதிகளும் இருந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். ஆயினும் ஓரிடத்தில் மொழியுணர்வு மாநில எல்லையையே மாற்றியது. மற்றோரிடத்தில் அது நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்று தேடினால், இனம் எந்நிலையில் தேசியமாகிறது என்ற கோட்பாட்டுச் சிக்கலுக்கும் ஓரளவு தெளிவு பிறக்கும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருப்பவருக்கு ‘இனம்’ என்ற சொல் நாள்தோறும் தொல்லை தருவது. ஆரிய இனம், திராவிட இனம் என்கையில் அது உடற்கூறு சார்ந்த பழைய பிரிவினையைக் குறிக்கிறது. இலங்கை இனக்கலவரம் என்கையில் மொழியும் பண்பாடும் சார்ந்த மக்கள் கூட்டத்தைக் குறிக்கிறது. தேசிய இனம் என்கையில் அரசியல் உரிமை கோரும் மக்களைக் குறிக்கிறது. மலையாளத்தில் ‘வம்சீயத’, ‘தேசீயத’ என இரு வேறு சொற்கள் உள்ளன. ஆனால் ‘வம்சீயத’ என்பது இனவெறியையும் சேர்த்தே சுட்டுகிறது. தமிழில் மூன்று பொருளும் ஒரே சொல்லில் தங்குவதால், ஒன்றுக்குரிய நியாயத்தை மற்றொன்றுக்கு எளிதாக ஏற்றிவிட முடிகிறது. மொழியுரிமையில் தொடங்கும் மேடைப்பேச்சு சில நிமிடங்களில் குருதித் தூய்மையில் போய் முடிவதற்கு இந்தச் சொல்லும் துணைபோகிறது.

கோட்பாட்டாளர்களின் கருத்துகளும் இங்கே பிரிகின்றன. குருதியுறவு, மொழி, சமயம், வழக்கம் ஆகியவற்றின் மீது மனிதருக்குள்ள பற்று ஆதியானது, கேள்விக்கு இடமின்றி மனத்தைப் பிணிப்பது என்று கிளிஃபர்டு கீர்ட்ஸ் 1963-இல் எழுதினார். இவ்வழிச் செல்வோர் தேசியத்தைப் பழைய இனப்பற்றின் வளர்ச்சியாகக் காண்கின்றனர். எர்னஸ்ட் கெல்னரும் பெனடிக்ட் ஆண்டர்சனும் 1983-இல் வெளியிட்ட நூல்களில் இதற்கு எதிர்நிலை எடுத்தனர். தொழிற்சமூகத்தின் தேவையே தேசியத்தைப் படைத்தது என்றார் கெல்னர். அச்சு முதலாளித்துவம் முன்பின் அறியாதவர்களையும் ஒரு சமூகமாக எண்ணிக்கொள்ளச் செய்தது என்றார் ஆண்டர்சன். ஆண்டர்சன் சொன்னதைத் தமிழில் ‘கற்பிதம்’ என்று பெயர்த்ததால், தேசம் என்பதே பொய் என்று அவர் சொன்னதாகப் பலர் எண்ணுகின்றனர். அவர் அப்படிச் சொல்லவில்லை. புனைவதைப் பொய்யோடு ஒன்றாக்கிவிட்டார் என்பதே கெல்னர் மீது அவர் கூறிய குறை. அந்தோணி ஸ்மித் 1986-இல் இடைவழி ஒன்றைக் காட்டினார்: தேசங்கள் புதியவை, ஆனால் பழைய இனக்கருக்களின் மீதே அவை எழுகின்றன என்றார்.

இவர்கள் அனைவருக்கும் முன்பே, 1913-இல், ‘மார்க்சியமும் தேசிய இனப் பிரச்சினையும்’ என்ற நூலில் ஸ்டாலின் தந்த வரையறை நமக்குப் பழக்கமானது. பொது மொழி, பொது ஆட்சிப்பரப்பு, பொதுப் பொருளாதார வாழ்வு, பொதுப் பண்பாட்டில் வெளிப்படும் மனவியல்பு ஆகிய நான்கும் கொண்டு, வரலாற்றில் உருவான நிலையான மக்கள் சமூகமே தேசம். அது குருதிவழிக் கூட்டமோ குலக்கூட்டமோ ஆகாது. நால்வகை இலக்கணத்தை மனனம் செய்யும் நாம், நடுவில் நிற்கும் இரண்டை, அதாவது நிலப்பரப்பையும் பொருளாதார வாழ்வையும், போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. திருவிதாங்கூர்த் தமிழரின் வரலாறு அவ்விரண்டின் எடையைக் காட்டுகிறது.

தெற்கிலிருந்து தொடங்குவோம். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பனையும் மரவள்ளியும் வளர்த்த உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் நாடார்கள். மேலாடை அணியும் உரிமைக்காக அவர்களின் பெண்கள் 1822 முதல் போராடி, 1859-இல்தான் அரசாணை பெற்றனர். சாதிக்கொடுமை, நிலவுடைமை ஆதிக்கம், அரசு அலுவலகத்தில் வேற்றுமொழி என மூன்றும் ஒரே திசையிலிருந்து வந்தன. 1945-இல் நாகர்கோவிலில் தொடங்கி, பின்னர் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் மார்ஷல் நேசமணியின் தலைமையில் வலுப்பெற்றதற்கு இதுவே அடித்தளம். சொந்தமாகவோ குத்தகையாகவோ சிறு நிலத்தைப் பற்றி நின்ற மக்கள், அந்த நிலம் எந்த மாநிலத்தில் சேரவேண்டும் என்று கேட்டார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் காவல்துறை சுட்டதில் பலர் மாண்டனர். அவருடைய கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே அரசு பதவி விலக வேண்டும் என்றார்.

இனப்பற்று மட்டும் தேசியத்தைப் பெற்றுவிடும் என்றால், திருவனந்தபுரம் நகரத் தமிழரிடமும் அப்படியோர் இயக்கம் எழுந்திருக்க வேண்டும். கரமனை அக்கிரகாரங்களும், சாலைக் கடைத்தெருவும், பல தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு. 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம்பிள்ளை இந்நகரத்தில் வாழ்ந்தவர். அதன் வாழ்த்துப் பாடலிலிருந்துதான் 1970-இல் தமிழ்நாடு அரசு தன் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொண்டது. மொழிப்பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் வணிகமும் அரசுப்பணியும் கோயில் ஊழியமும் இந்நகரத்து ஆட்சியோடு பிணைந்திருந்ததால், இங்குள்ள தமிழருக்கு எல்லையை மாற்றும் தேவை எழவில்லை. மொழி வீட்டிலும் இலக்கியத்திலும் செழித்தது. அரசியல் கோரிக்கை ஆகவில்லை.

மலைப்பகுதியின் நிலை வேறு. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே கொண்டுவரப்பட்ட, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மக்கள், கண்ணன் தேவன் மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கினர். தேவிகுளம் வட்டத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் தந்த அறிக்கை, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்தில் நிறுத்தியது. அந்த மலைகளின் பொருளாதார இன்றியமையாமையோடு, தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் மக்கள் என்ற வாதமும் இம்முடிவுக்குத் துணை நின்றது.

இந்த இரண்டாவது வாதத்தைத் தோழர்கள் நிறுத்திப் பார்க்க வேண்டும். மலையில் பிறந்து, மலையில் உழைத்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களின் மொழியை அந்த நிலத்தின் மொழியாக அரசு கணக்கிடவில்லை. காரணம் எளிது: அவர்கள் பெயரில் பட்டா இல்லை. அதே காலத்தில் பட்டம் அரசு உயர்மலையில் விவசாயக் குடியேற்றத் திட்டத்தைக் கொண்டுவந்து, சமவெளியிலிருந்து வந்த மலையாளி விவசாயிகளுக்கு நிலம் வழங்கியது. பட்டம் காலனி என்ற பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. புதிதாக வந்த விவசாயி மண்ணின் மகன் ஆனார். தலைமுறைகளாக அங்கிருந்த கூலித்தொழிலாளி வந்துபோகிறவராகவே எண்ணப்பட்டார்.

இலங்கையில் இதே தர்க்கம் இன்னும் கொடிய வடிவம் பெற்றது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்த ஆண்டே யாழ்ப்பாணத்துத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சரானார். அதை எதிர்த்துப் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தமிழீழம் கேட்டபோது, மலையகத் தொழிலாளரின் தலைவர் தொண்டமான் அக்கோரிக்கையோடு சேரவில்லை. வடக்கு, கிழக்கில் வரையறுக்கப்பட்ட அந்தத் தாயகத்தில் மலையகத்துக்கு இடமில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். மொழி ஒன்று, நிலமும் வர்க்கமும் வேறு, ஆகவே அரசியலும் வேறு. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், 1976-இல் புனலூரில் தொடங்கப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தில் ரப்பர் பால் எடுக்க வந்தனர். ஒரு நாட்டின் தோட்டத்திலிருந்து மற்றொரு நாட்டின் தோட்டத்துக்கு வந்தார்கள். நிலம் இரண்டிலும் அவர்களுடையதாகவில்லை.

கேரளத்தின் பெருமையான நிலச்சீர்திருத்தமும் இந்த இடைவெளியை மூடவில்லை. 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் குத்தகையை ஒழித்தது. குடிகிடப்புக்காரருக்கு வீட்டுமனை உரிமை தந்தது. ஆனால் தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றன; கம்பெனி லயங்களில் குடியிருந்த தொழிலாளி குடிகிடப்புக்காரராகக் கருதப்படவில்லை. 1971-இல் கண்ணன் தேவன் மலைகள் நிலமீட்புச் சட்டம் இயற்றப்பட்டு, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இருந்தும் பணி ஓய்வு பெறும் நாளில் லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்ற அச்சம் இன்றும் அங்கே உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்களின் மீது மலை சரிந்து 70 பேர் இறந்தபோது, நாடு அவர்களின் வீட்டுநிலையை ஒருகணம் கண்டது.

இத்தகைய மக்களைத் தேசியவாதம் அணிதிரட்டவில்லை. வர்க்க இயக்கம் அணிதிரட்டியது. 1957 பொதுத்தேர்தலிலும், 1958 இடைத்தேர்தலிலும் தேவிகுளத்தில் வென்றவர் மலையாளியான தோழர் ரோசம்மா புன்னூஸ். அந்த இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் தமிழில் பாடி வாக்குச் சேகரித்ததை மூத்த தோழர்கள் இன்றும் நினைவுகூர்வர். ஆனால் வர்க்க இயக்கமும் தொழிலாளியின் குரலைக் கேட்காதபோது கைவிடப்படும். 2015 செப்டம்பரில், போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் ‘பொம்பிளை ஒருமை’யாக எழுந்தபோது, இடதுசாரிச் சங்கத் தலைவர்களையும் சேர்த்தே விலக்கினர். அப்போராட்டத்துக்குப் பின்னால் தமிழ்த் தீவிரவாதம் இருக்கிறது என்று அன்று சிலர் ஐயம் கிளப்பினார்கள். நாளொன்றுக்கு ரூ.232 கூலி பெற்ற ஒரு பெண் ரூ.500 கேட்டதை இனப் பிரச்சினையாகப் படித்தது, அந்தப் பெண்ணின் வர்க்கத்தைக் காணாத கண்ணின் பிழை.

இன்று இந்த விவாதம் ஏன் தேவைப்படுகிறது? தேசத்தைச் சமயத்தால் வரையறுக்கும் சங்பரிவாரம் ஒருபுறம் நிற்கிறது. தமிழ்நாட்டில் குடிவழியைத் தோண்டி, யார் தமிழர், யார் வந்தேறி என்று பட்டியலிடும் இனவாதம் மறுபுறம் நிற்கிறது. முல்லைப்பெரியாறு சர்ச்சை முற்றிய 2011 டிசம்பரில், எல்லையின் இருபக்கமும் தாக்கப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளரும், சிறு கடைக்காரரும், ஐயப்ப பக்தருமே. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரப்பப்பட்டன. கேரளத்தில் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கட்டடம் எழுப்பும் தொழிலாளியை ‘அதிதி’ என்று மரியாதையாக அழைக்கிறோம். விருந்தினர் என்ற சொல்லுக்குள்ளேயும் ஒருநாள் திரும்பிப் போக வேண்டியவர் என்ற பொருள் அடங்கியிருக்கிறது. 1955-இல் மூணாற்றுத் தமிழருக்குச் சொல்லப்பட்டதும் அதுவே.

மொழிவழி மாநிலங்களைக் கோரியதில் கம்யூனிஸ்ட் இயக்கம் முன்னின்றது. 1946-இல் இ.எம்.எஸ். ‘ஒன்றேகால் கோடி மலையாளிகள்’ எழுதி ஐக்கிய கேரளத்துக்கு நியாயம் வகுத்தார்; தோவாளை வட்டத்துப் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா தமிழகத்துக்காக வாதாடினார். அக்கோரிக்கை சனநாயகமானது; மக்கள் தம் மொழியில் ஆளப்பட வழி செய்தது. ஆனால் எந்த மொழிவழி மாநிலத்திலும் வேறுமொழி பேசும் உழைப்பாளிகள் இருந்தே தீருவர். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யுமாறு அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுவதும் இதற்காகவே. 2017-இல் கேரளப் பள்ளிகளில் மலையாளம் கட்டாயப் பாடமானது நியாயம். அதனால் தமிழ்வழிப் பள்ளிகளும் தமிழாசிரியர் பணியிடங்களும் நலிந்துவிடாமல் காப்பதும் அதே அளவு நியாயம்.

இனமும் தேசியமும் தொடர்புடையவை. ஒன்று மற்றொன்றின் தானான முதிர்ச்சி அல்ல. இரண்டுக்கும் நடுவே நிலம், உற்பத்தி, அரசு ஆகியவை நிற்கின்றன. அந்த இடத்தில் உரிமையற்று நிற்பவர் யார் என்று கேட்பதே மார்க்சியரின் வேலை. உயர்மலைப் பகுதியில் நம் பணி இதனால் தெளிவாகிறது: ஓய்வுபெறும் தொழிலாளிக்குச் சொந்த மனையும் வீடும், குழந்தைக்குத் தமிழில் பாடமும் மலையாளத்தில் தேர்ச்சியும், சங்கக் கூட்டத்தில் தமிழில் அறிக்கை, லயத்திலிருந்து வரும் பெண்ணுக்குத் தலைமையில் இடம். தமிழ்நாட்டுத் தோழர்களும் திருப்பூரிலும் கோவையிலும் இந்தி பேசும் தொழிலாளிக்கு இதையே செய்ய வேண்டும். இவற்றைச் செய்யாத ஊரில், குருதியைப் பற்றிப் பேசுபவர்தாம் முதலில் கூட்டம் போடுவர்.