ஐஸ் டிரம்மில் உட்கார்ந்தால் சுகர் குறையுமா? பழுப்புக் கொழுப்பு பற்றி ஒரு இழை

1/
போன மாசம் தரங்கம்பாடியிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிற தொழில். வயது 52. எட்டு வருஷமா சுகர், கூடவே பிரஷர். வெறும் வயிற்றில் பார்த்தால் 268.

"மாத்திரை போடுறீங்களாண்ணே?"

"அதை விட்டு ஆறு வாரம் ஆச்சு சார். இப்ப இயற்கை முறைக்கு மாறிட்டேன்."

2/
என்ன முறைன்னு கேட்டேன். யாரோ போனில் அனுப்பிய வீடியோ. உடம்பில் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று தூங்குகிறதாம், அதைத் தட்டி எழுப்பினால் சர்க்கரையை அதுவே எரித்துவிடுமாம். வாரத்துக்கு 11 நிமிஷம் பனித்தண்ணீரில் உட்கார்ந்தால் போதுமாம்.

அவருக்கு ஐஸுக்கா பஞ்சம்? மீன் டிரம்மிலேயே இறங்கிவிட்டார். ஒரு நாள் நெஞ்சு படபடத்து, கண்ணை இருட்டிக்கொண்டு வர, அண்ணி கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு விரல்களில் கொப்புளம். ஐஸில் வந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை.

3/
நான் திட்டவில்லை. ஏன்னா அந்த வீடியோவில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் மறுத்துவிடலாம். பாதி உண்மைக்கு நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

4/
நமக்குத் தெரிந்த கொழுப்பு வெள்ளைக் கொழுப்பு. தொப்பை, இடுப்பு, தொடையில் சேர்வது. அது நம்ம வீட்டுப் பத்தாயம் மாதிரி. மிஞ்சினதைக் கொட்டி வைக்கும் இடம்.

பழுப்புக் கொழுப்பு பத்தாயம் இல்லை, அடுப்பு. கழுத்து, காறை எலும்புக்கு மேலே, முதுகுத்தண்டை ஒட்டி, சிறுநீரகத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். அதன் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக அடைந்திருக்கும். அதிலுள்ள இரும்புச்சத்துதான் அந்தப் பழுப்பு நிறம்.

5/
அடுப்பு எப்படி எரியுது? மேட்டூரை நினைச்சுக்கோங்க. அணைத் தண்ணீர் டர்பைன் வழியாக இறங்கினால் மின்சாரம் கிடைக்கும். 16 கண் மதகைத் திறந்துவிட்டால் அதே தண்ணீர் மின்சாரம் எடுக்காமலே ஓடிவிடும்.

சாதாரண செல்லில் சாப்பாட்டின் சக்தி டர்பைன் வழியாகப் போய், உடம்பு செலவு செய்யும் ஏடிபி ஆகிறது. பழுப்புக் கொழுப்பில் யுசிபி1 என்றொரு புரதம் இருக்கு. அதுதான் 16 கண் மதகு. அது திறந்தால் ஏடிபி கிடைக்காது, சக்தி முழுவதும் வெப்பமாக வெளியேறும். குளிர் பட்டதும் நரம்பு வழியாக உத்தரவு வரும், மதகு திறக்கும். எரிக்க ரத்தத்திலிருந்து சர்க்கரையும் கொழுப்பும் இழுக்கப்படும்.

6/
இது குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தோம். 2009இல் ஒரே மருத்துவ இதழில் மூன்று ஆய்வுகள் வந்தன. அமெரிக்கா, நெதர்லாந்து, பின்லாந்து. பெட் ஸ்கேனில் பெரியவர்களுக்கும் வேலை செய்கிற பழுப்புக் கொழுப்பு இருப்பது உறுதியானது.

2021இல் நியூயார்க்கில் 52,000க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைப் பார்த்தார்கள். பழுப்புக் கொழுப்பு தெரிந்தவர்களில் சர்க்கரை நோய் 4.6 சதவீதம். தெரியாதவர்களில் 9.5 சதவீதம்.

அந்த வீடியோ இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நாம நிற்கக் கூடாது.

7/
ஒன்று, இரண்டும் சேர்ந்திருக்கிறது என்பதால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று ஆகாது. உடம்பு நல்ல நிலையில் இருப்பவருக்கு இந்த அடுப்பும் நன்றாக எரியலாம்.

இரண்டு, அடுப்பு சின்னது. நேரடியாக அளந்து பார்த்த ஆய்வுகளில் பெரியவர்களின் பழுப்புக் கொழுப்பு எரித்தது நாளுக்குச் சில பத்து கலோரிதான். ஒரு இட்லிக் கணக்கு.

8/
சரி, அந்த "11 நிமிஷம்" எங்கேயிருந்து வந்தது? டென்மார்க்கிலிருந்து! 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன அதே டேனிஷ்காரர்கள் ஊர்.

2021இல் சூசன்னா சோபர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. குளிர்காலக் கடலில் நீந்திப் பழகிய 8 இளைஞர்கள், பழகாத 8 பேர். எல்லாரும் ஆண்கள், ஆரோக்கியமானவர்கள். நீந்துபவர்கள் வாரத்தில் குளிர்நீரில் இருந்த நேரத்தைக் கூட்டினால் சுமார் 11 நிமிஷம். கூடவே சூடான சானா அறையிலும் உட்கார்ந்து பழகியவர்கள்.

நல்ல ஆய்வுதான். ஆனா அது மருந்துச் சீட்டு இல்லை. அந்த 16 பேரில் பிரஷரோடும் மரத்துப்போன காலோடும் ஒருத்தர்கூட இல்லை.

9/
இன்னொரு ஆய்வு நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். 2014, அமெரிக்கா. 5 இளைஞர்களை நாலு மாசம் வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அறையில் தூங்க வைத்தார்கள். 19 டிகிரியில் ஒரு மாசம் தூங்கியபோது பழுப்புக் கொழுப்பு சுமார் 40 சதவீதம் கூடியது. அடுத்து 24க்கும் பிறகு 27க்கும் மாற்றினார்கள். கூடினது எல்லாம் போயிடுச்சு.

27 டிகிரி என்பது நம்ம ஊர் ராத்திரி! தரங்கம்பாடியில் தை மாசத்து ராத்திரிகூட 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். மாடித் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டு "கோல்ட் ஷவர்" என்று சொல்லிக்கொள்ளலாம், மதகு திறக்காது. ராத்திரி முழுக்க ஏசியை 19இல் ஓட்ட எத்தனை வீட்டுக்கு வசதி இருக்கு?

10/
நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. 2014இல் நெதர்லாந்தின் லைடனில், அங்கே வாழும் தெற்காசிய இளைஞர்களையும் ஐரோப்பிய இளைஞர்களையும் ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் ஒல்லியானவர்களே. தெற்காசியர்களின் பழுப்புக் கொழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 24 பேர்தான், சின்ன ஆய்வு.

இதோடு புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் படத்தையும் சேர்த்துப் பாருங்க. 2004இல் அவரும் லண்டன் நண்பர் ஜான் யட்கினும் சேர்ந்து வெளியிட்டது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்ம ஆட்கள் பலருக்கு இதுதான் கதை.

பத்தாயம் பெரிசு, அடுப்பு சின்னது. அதனால் நமக்கு இன்னும் பெரிய அடுப்பு ஒன்று தேவை.

11/
அது ஏற்கெனவே நம்மிடம் இருக்கு. தசை!

2015இல் நெதர்லாந்தில் 8 சர்க்கரை நோயாளிகளைப் பத்து நாள், தினம் ஆறு மணி நேரம் வரை, 14, 15 டிகிரிக் குளிரில் உட்கார வைத்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் 43 சதவீதம் கூடியது. பெரிய வெற்றி. ஆனால் பழுப்புக் கொழுப்பு கூடினது கொஞ்சம்தான். மாற்றம் தெரிந்த இடம் தசை. சர்க்கரையை உள்ளே இழுக்கும் கதவுகள் தசைச் செல்களில் கூடுதலாகத் திறந்திருந்தன.

அதே கதவுகளைத் திறக்க ஐஸ் தேவையில்லை. நடந்தாலே திறக்கும்.

12/
"காரம் சாப்பிட்டா பழுப்புக் கொழுப்பு எழும்பும்"னும் சொல்றாங்க. மிளகாய்ச் சத்துக்குச் சின்ன அளவில் விளைவு தெரிந்த ஆய்வுகள் உண்டு. ஆனா மிளகாயால் இளைக்க முடியும்னா தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு தொப்பைகூட இருக்கக் கூடாது!

13/
ஒரு எச்சரிக்கை. இந்த மதகை மருந்தால் திறக்க 1930களில் அமெரிக்காவில் முயன்றார்கள். டைநைட்ரோஃபீனால். எடை வேகமாகக் குறைந்தது. ஆனால் திறந்த மதகை மூட வழியில்லை. உடம்பு கொதித்து இறந்தவர்கள் உண்டு, கண்புரை வந்தவர்கள் உண்டு. 1938இல் மனிதர்களுக்கு உகந்ததல்ல என்று நிறுத்தினார்கள். ஆன்லைனில் இன்றும் எடை குறைக்கும் மஞ்சள் மாத்திரையாகக் கிடைக்கிறது. கையால்கூடத் தொடாதீங்க.

14/
அப்போ பழுப்புக் கொழுப்பு உண்மையிலேயே உயிர் காப்பது யாருக்கு? பிறந்த குழந்தைக்கு.

பச்சைக் குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. முதுகிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு காக்கும். அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். எடை குறைந்த, குறைமாதக் குழந்தைக்கு அந்த இருப்பும் கம்மி. குளிர்ந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும், மூச்சு திணறும்.

நாம என்ன செய்யுறோம்? பெரியவர் ஐஸில் இறங்குறார். பிறந்த பிள்ளையை ஏசி அறையில் துணி விலக்கி வீடியோ எடுக்கிறோம். "அழுக்கா இருக்கே"ன்னு அன்றைக்கே குளிப்பாட்டச் சொல்றோம்.

15/
அம்மாச்சிகளுக்கும் அப்பாயிகளுக்கும் என் வேண்டுகோள். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. துடைத்து, தலையை மூடி, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போடுங்க. சீக்கிரம் தாய்ப்பால் கொடுங்க. எடை குறைந்த குழந்தைக்கு கங்காரு முறையைத் தொடருங்க. அப்பாவும் செய்யலாம். பழுப்புக் கொழுப்புக்கு நம்மால் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தக் குழந்தையின் இருப்பைக் காலி பண்ணாமல் இருப்பதுதான்.

16/
பெரியவர்களுக்கு:
சாப்பிட்டதும் படுக்காமல் 10, 15 நிமிஷம் நடை.
வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுகூடப் போதும்.
சோற்றைக் குறைத்து, மீனும் காயும் பயறும் கூட்டுங்க.
நல்ல தூக்கம்.
மாத்திரையை நிறுத்தும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

குளிர்நீரில் குளிப்பது பிடித்திருந்தால் தாராளமாகக் குளிங்க. ஆனா ஐஸில் திடீர்னு இறங்கினால் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறலாம். பிரஷர், இதய நோய், கால் மரத்த சுகர் இருப்பவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

17/
அண்ணன் மறுபடி மாத்திரைக்கு வந்துவிட்டார். மூன்று வாரத்தில் 268 இருந்தது 154. கொப்புளம் புண்ணாகி இன்னும் ஆறவில்லை, அதனால் இப்போதைக்கு நடை இல்லை, வீட்டிலேயே உட்கார்ந்தபடி கைக்குப் பயிற்சி. ஆறினதும் சாயங்காலம் கோட்டைப் பக்கம் நடக்கப் போறதாகச் சொல்லியிருக்கிறார். மணலிலும் செருப்போடுதான் நடக்கணும்னு சொல்லி அனுப்பினேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உடம்பைச் சரி பண்ணணும்னு ஆறு வாரம் ஐஸில் உட்கார்ந்தவர் சோம்பேறி இல்லை. அந்த உறுதிக்குச் சரியான வழியை நாங்க டாக்டர்கள் அவருக்குப் புரியும்படி முன்னாடியே சொல்லியிருக்கணும். இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதி அனுப்பினதால்தான் மீதியை வீடியோ சொல்லிக் கொடுத்தது.

உங்க வீட்டிலும் யாராவது மாத்திரையை நிறுத்திட்டு இப்படி ஏதாவது முயற்சி செய்றாங்கன்னா, சண்டை போடாதீங்க. இதை உட்கார்ந்து படித்துக் காட்டுங்க. அப்புறம் அவங்க பாதத்தை ஒரு தடவை பாருங்க.