மக்கள் அடர்த்தியும் படகுத்துறையும்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு சரக்குவண்டி நின்றால், பின்னால் வருவோர் அனைவரும் நிற்க வேண்டியதுதான். அத்துணைக் குறுகிய தெரு அது. இருபுறமும் கிடங்குகள், அவற்றுக்கு அப்பால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், யூதர், தமிழர் எனப் பல மொழியினர் இங்கே குடியேறியதற்கு நீர்வழியே பெருங்காரணம். மிளகும் சுக்கும் படகில் வந்தன. அவற்றைச் சுமந்தவரும் விற்றவரும் துறைக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே குடியிருந்தனர். ஒரு சதுர கிலோமீட்டரில் வாழ்வோரின் எண்ணிக்கையை மக்கள்தொகை அடர்த்தி என்கிறோம். மட்டாஞ்சேரியில் அவ்வடர்த்தியை வளர்த்தவை படகுகளே.

சென்னையிலும் இவ்வாறு நிகழ்ந்துள்ளது. 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று வயலும் தோப்புமாக இருந்த இடங்கள் பல, இன்று வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதிகள். உங்கள் உறவினர் சிலர் அங்கே குடியிருக்கவும் கூடும்.

போக்குவரத்தை நாடி மக்கள் வருவது போல, மக்கள் நெருங்கி வாழும் இடத்தை நாடிப் போக்குவரத்தும் வர வேண்டுமல்லவா? 2017இல் தொடங்கிய கொச்சி மெட்ரோ ரயில், ஆலுவாவிலிருந்து எர்ணாகுளம் வழியாகத் திருப்பூணித்துறை வரை செல்கிறது. காயலைக் கடந்து மேற்கே அது வரவில்லை. 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோவும் முதலில் வைப்பினுக்கும் காக்கநாட்டுக்குமே சென்றது. மட்டாஞ்சேரியில் அதன் துறை திறக்கப்பட 2025 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது.

‘தெருக்கள் குறுகியவை, அங்கே என்ன செய்ய இயலும்?’ என்று சிலர் வினவுவர். இதனை நான் ஏற்பதில்லை. கார் நிறுத்த இடமில்லாத தெருவில் வாழ்பவருக்கே பொதுப் போக்குவரத்து மிகுதியாகத் தேவை. மேலும், வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் அரைமணிக்கு ஒரு பேருந்து விட்டாலும் பாதி இருக்கைகள் காலியாகவே இருக்கும். மட்டாஞ்சேரி போன்ற இடத்தில், துறையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் பல்லாயிரவர் வாழ்கின்றனர். பயணிகள் மிகுந்தால் படகுகளை அடிக்கடி இயக்கலாம். படகுகள் அடிக்கடி வந்தால் பயணிகள் மேலும் மிகுவர்.

கட்டணமும் கருதத்தக்கது. குளிரூட்டிய நீர் மெட்ரோப் படகில் மிகக் குறைந்த கட்டணமே 20 ரூபாய் என்று தொடங்கினர். மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் அதனினும் மிகக் குறைவு. கிடங்கில் நாட்கூலி பெறுபவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. புதிய படகு வந்துவிட்டது என்று பழைய படகுகளைக் குறைக்கலாகாது என்பது என் உறுதியான கருத்து. விடுமுறை நாள்களில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்துவிடும்போது, நாள்தோறும் வேலைக்குச் செல்வோர்க்கு மாற்றுவழி அதுவே. கடைசிப் படகின் நேரத்தையும் கடையடைக்கும் நேரத்தை அறிந்தே வகுக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. வெளுத்த துணிமூட்டையோடு ஒருவர் துறைக்கு வந்தால், அதனை வைக்கப் படகில் இடம் உண்டா என்பதையும் திட்டமிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.